அட்டையின் பின்பக்கம்

ஜூன் 3, செவ்வாய்

இந்த நோட்டு சாயப்பட்டறையில் சாயக் கலவை ரெசிபி எழுதுவதற்காக வாங்கியது. ஓய்வு பெற்று வந்த அன்று பாதிக்கு மேல் காலியாக இருந்தது, தூக்கிப் போட மனம் வரவில்லை. ஏழு வருஷம் கழித்து இப்போது உபயோகப்படுகிறது. இனி இதில் துளசிமணியின் மாத்திரை விவரம் எழுதப்படும்.

சனிக்கிழமை துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் வழுக்கி, உட்கார்ந்த வாக்கில் விழுந்தாள். இன்று ஸ்கேன் பார்த்த டாக்டர் முதுகெலும்பில் ஒரு எலும்பு நசுங்கியிருக்கிறது என்றார். ஆபரேஷன் தேவையில்லை. இடுப்பில் பெல்ட் போட்டு ஆறு வாரம் படுக்கை. வலிக்கு ஒரு மாத்திரை, வேளைக்கு ஒன்று வீதம் மூன்று வேளை, ஒரு மாதத்துக்கு. எடை பார்த்தார்கள். நாற்பத்திரண்டு கிலோ. எங்கள் கல்யாணத்தின்போதே அவ்வளவுதான் இருந்திருப்பாள்.

மெடிக்கலில் ஷாகிதா இருந்தாள். என்னோடு வேலை பார்த்த காதரின் மகள், மருந்துப் படிப்பு படித்தவள். தொண்ணூறு மாத்திரையை எண்ணிக் கொடுத்து, இதற்கென்று தனி ரிஜிஸ்டரில் என் பெயரை எழுதிக்கொண்டாள். பிறகு அட்டையைத் திருப்பி ஏதோ காட்ட வந்தாள். முப்பத்தெட்டு வருஷம் கலர் மாஸ்டராக இருந்தவனுக்கு அளவு தெரியாதா என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ரோஸ் நிற அட்டை. மதியம் ஒன்று, மாலை ஒன்று கொடுத்தேன்.

ஜூன் 4, புதன்

ரோஸ் மூன்று. சோறு குழைந்துவிட்டது. படுத்த இடத்திலிருந்தே வாசனையை வைத்து, தண்ணீர் அதிகம் என்று சொல்லிவிட்டாள்.

ஜூன் 5, வியாழன்

ரோஸ் மூன்று. வலி நிற்கவில்லை. பக்கவாட்டில் திருப்பிப் படுக்க வைக்கும்போது என் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். முப்பத்தொன்பது வருஷத்தில் அவள் அழுது நான் பார்த்தது இரண்டு தடவை, இரண்டும் சாவு வீட்டில். என்னால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. பாத்திரம் கழுவப் போய்விட்டேன்.

ஜூன் 6, வெள்ளி

காலையில் யோசித்தேன். துணி தொட்டியிலிருந்து வெளியே வரும்போது நிறம் கொஞ்சம் குறைவாக இருந்தால் யாரும் அந்தத் துணியைத் தூக்கி எறிவதில்லை. இன்னும் கொஞ்சம் சாயம் கரைத்து ஊற்றி ஏற்றுவோம். டாப்பிங் என்போம். என் காலத்தில் டாப்பிங் போட்டு நான் எடுத்த துணி ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. குறையோடு எதையும் அனுப்புகிற பழக்கம் எனக்குக் கிடையாது.

வேளைக்கு இரண்டாக்கினேன். ரோஸ் ஆறு. மாலையில் நன்றாகத் தூங்கினாள்.

ஜூன் 8, ஞாயிறு

ரோஸ் ஆறு. ஓசூரிலிருந்து பிருந்தா வந்தாள். மூன்று மணி நேரம்தான் இருந்தாள், நாளைக்குப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம். மகள் வந்தால் வீடு எப்படி ஆகிவிடுகிறது. நான் நான்கு நாளாக அடுக்கிவைத்ததையெல்லாம் இடம் மாற்றிவிட்டுப் போய்விட்டாள். உப்பு எங்கே என்று இன்னும் தேடுகிறேன்.

அம்மாவின் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, உடம்பு கதகதப்பாக இருக்கிறது, காய்ச்சல் மாத்திரை ஒன்று போடலாம், அது ஒன்றும் செய்யாது என்றாள். அறுநூற்றைம்பது போட்ட வெள்ளை அட்டை வீட்டில் எப்போதும் இருக்கும். மூன்று வேளையும் ஒவ்வொன்று சேர்த்துக்கொண்டேன். அதுவும் கொஞ்சம் வலிக்கு ஆகும்.

பழைய மருந்து டப்பாவையும் குடைந்தாள். போன வருஷம் துளசி முட்டிவலிக்கு வாங்கிச் சாப்பிட்ட சிவப்பு அட்டை கையில் கிடைத்தது. அதனால்தான் வயிற்றில் புண் வந்து ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். பிருந்தா அதைக் கசக்கிக் குப்பையில் போட்டு, இது இனி இந்த வீட்டுக்குள் வரக்கூடாது என்று என்னைப் பார்த்துச் சொன்னாள். சரி என்றேன். இன்னொரு அட்டை பீரோவில் இருக்கிறது. அதைப் பற்றி அவள் கேட்கவில்லை.

ஜூன் 9, திங்கள்

ரோஸ் ஆறு, வெள்ளை மூன்று. கரண்ட் இல்லை. பக்கத்து வீட்டு விசைத்தறிச் சத்தம் நின்ற நேரத்தில் துளசி முனகுவது அடுப்படி வரை கேட்டது. வலி குறையவே இல்லையா, அல்லது இத்தனை நாளும் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லையா?

ஜூன் 10, செவ்வாய்

ரோஸ் எட்டு: காலை இரண்டு, பதினொரு மணிக்கு இரண்டு, மூன்று மணிக்கு இரண்டு, ஏழு மணிக்கு இரண்டு. வெள்ளை மூன்று. காலைக் கஞ்சியிலும் மாலைக் கஞ்சியிலும் கொஞ்சம் சேர்த்தேன்.

ஜூன் 11, புதன்

நேற்றைப் போலவே எல்லாம். கஞ்சி கசக்கிறது என்றாள். உப்பு கூடிவிட்டது என்றேன். வெல்லம் போட்டுக் கொடுத்தேன், குடித்தாள்.

வெளிச்சத்தில் கண் கூசுகிறது என்று ஜன்னலைச் சாத்தச் சொன்னாள். சாத்திவிட்டு டியூப்லைட்டைப் போட்டேன்.

ஜூன் 13, வெள்ளி

ரோஸ் எட்டு, வெள்ளை மூன்று. கஞ்சி பழையபடி.

இன்று அவளே என்னைக் கூப்பிட்டு, வலி தேவலை, திரும்பிப் படுக்க முடிகிறது என்றாள். எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று எழுதத் தெரியவில்லை. பிருந்தாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். "எப்படிங்ப்பா சமாளிச்சீங்க?" என்றாள். எல்லாம் அளவுதான் என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன்.

ஜூன் 14, சனி

ரோஸ் எட்டு, வெள்ளை மூன்று. இரண்டு தடவை வாந்தி. என் சமையலைச் சாப்பிட்டால் யாருக்கும் வரும். ரசம் வைப்பது எப்படி என்று அவளிடமே கேட்டு வைத்தேன், அதையும் குடிக்கவில்லை. கஞ்சி மட்டும் நான் ஊட்டினால் இறங்குகிறது.

ஜூன் 15, ஞாயிறு

ரோஸ் எட்டு, வெள்ளை மூன்று. தாளிக்கிற வாசனையே ஆகவில்லை. சிறுநீர் பால் விடாத டீயின் நிறத்தில் போகிறது. தண்ணீர் போதவில்லை போலிருக்கிறது. மணி நேரத்துக்கு ஒரு டம்ளர் என்று வைத்திருக்கிறேன்.

ஜூன் 16, திங்கள்

ரோஸ் எட்டு, வெள்ளை மூன்று. பகலெல்லாம் தூக்கம். முகம் துடைக்கும்போது மஞ்சள் பூசிக் குளித்தவள் முகம் மாதிரி இருந்தது. டியூப்லைட்டில் எல்லாமே அப்படித்தான் தெரியும்.

ஜூன் 17, செவ்வாய்

ஈரோட்டில், ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். நடந்ததை நடந்த வரிசையில் எழுத வேண்டும்.

காலையில் இரண்டு ரோஸ் கொடுத்ததோடு தொண்ணூறும் தீர்ந்தது. சீட்டை எடுத்துக்கொண்டு மெடிக்கலுக்குப் போனேன். ஷாகிதா சீட்டைப் பார்த்தாள், தனி ரிஜிஸ்டரைப் புரட்டினாள், என்னைப் பார்த்தாள்.

"அண்ணா, இது மாசம் பூராவுக்குமுங்க. பதினஞ்சு நாளுகூட ஆகலைங்களே."

எனக்குக் கோபம் வந்தது. வலிக்கிறவளுக்குத்தான் வலி தெரியும், ரிஜிஸ்டருக்கு என்ன தெரியும் என்று கேட்டேன். கடையில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவள் குரலை உயர்த்தவில்லை. தினம் எத்தனை கொடுத்தேன், கூட வேறு என்ன கொடுத்தேன் என்று கேட்டாள். எழுதி வைத்திருக்கிறேனாக்கும் என்று நோட்டை மேஜையில் போட்டேன். ஒழுங்காக எழுதி வைப்பவன் என்று காட்டத்தான் போட்டேன்.

அவள் பக்கங்களைப் படித்தாள். படிக்கப் படிக்க அவள் முகம் மாறியது. உள்ளே போய் ஒரு ரோஸ் அட்டையும் ஒரு வெள்ளை அட்டையும் எடுத்து வந்து, இரண்டையும் திருப்பிப் பின்பக்கம் தெரிய என் முன்னால் வைத்தாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டேன். ரோஸின் பின்னால் இரண்டு வரி இருந்தது. டிரமடால் முப்பத்தேழரை மில்லிகிராம். பாராசிட்டமால் முன்னூற்றிருபத்தைந்து மில்லிகிராம். வெள்ளையின் பின்னால் ஒரே வரி. பாராசிட்டமால் அறுநூற்றைம்பது.

"இது ஒரு மருந்து இல்லீங்ணா, ரெண்டு. டாக்டர் அளந்து குடுத்தது இந்த ரெண்டையும் சேத்துத்தான். நீங்க ஒண்ணைக் கூட்டறதா நெனச்சு ரெண்டையும் கூட்டியிருக்கறீங்க. அதுலயே இருக்கற மருந்தை மறுக்கா வெள்ளையிலயும் குடுத்திருக்கறீங்க."

பேனாவை எடுத்து அட்டை மேலேயே எழுதினாள். ரோஸ் எட்டில் இரண்டாயிரத்து அறுநூறு. வெள்ளை மூன்றில் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பது. மொத்தம் நாலாயிரத்து ஐந்நூற்று ஐம்பது. சாப்பாடே இல்லாத நாற்பத்திரண்டு கிலோ உடம்புக்கு இதில் பாதியே அதிகம் என்றாள். பாராசிட்டமால் அளவு மீறினால் போய் உட்காருகிற இடம் ஈரல்.

எனக்கு விளங்குவதற்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அதுதான் கொடுமை. பழுப்பு நிறத்துக்கு மஞ்சள், சிவப்பு, நீலம் மூன்றும் வேண்டும். சிவப்பு மட்டும் குறைந்திருந்தால் சிவப்பை மட்டும்தான் டாப்பிங் போட வேண்டும். கலந்து வைத்த சாயத்தைத் தூக்கி ஊற்றினால் மூன்றும் ஏறித் துணி நாசம். பட்டறையில் சேர்ந்த முதல் மாதத்திலேயே இதைச் சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். இதைத் தப்பாகச் செய்த ஒருவனை நான் எல்லார் முன்னாலும் வேலையை விட்டு அனுப்பியிருக்கிறேன். இரண்டு டின்னில் இரண்டு நிற லேபிள் ஒட்டி ஒரே சாயத்தை விற்க வருகிறவனைக்கூட வாசலிலேயே கண்டுபிடித்துவிடுவேன். என் வீட்டில் மூன்று நிற அட்டையை வைத்துக்கொண்டு, நிறத்தைப் பார்த்தேனே தவிரத் திருப்பிப் பார்க்கவில்லை.

அப்போது ஷாகிதா கேட்டாள். "அக்கா கண்ணு மஞ்சளா இருக்குதுங்களா?"

டியூப்லைட்டில் தெரியவில்லை என்றேன். சொல்லி முடிப்பதற்குள் எனக்கே உறைத்தது. டியூப்லைட்டில் நிறம் பார்த்துத் துணியை அனுப்பக்கூடாது, வாசலுக்குக் கொண்டுபோய்ப் பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும் என்று பட்டறைச் சுவரில் பெயின்டால் எழுதி வைக்கச் சொன்னதே நான்தான்.

அவள் கடையை அடுத்தவரிடம் விட்டுவிட்டு என்னோடு வந்தாள். நான் ஜன்னலைத் திறந்தேன். ஷாகிதா இமையை விலக்கிக் காட்டினாள். வெள்ளை இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளை இல்லை. அது என்ன மஞ்சள், எத்தனை சதவீதம் என்று என்னால் சொல்ல முடியும். சொல்லத் தெரிந்து என்ன பிரயோஜனம்?

நூற்றியெட்டுக்கு அவள்தான் போன் செய்தாள்.

ஜூன் 18, புதன்

ஈரல் பாதிதான் வேலை செய்கிறது என்றார்கள். முறிவு மருந்து பாட்டிலில் ஏறுகிறது. முதல் நாளே வந்திருந்தால் கவலையே இல்லை, இத்தனை நாள் கழித்து வந்ததால் எவ்வளவு கேட்கும் என்று இரண்டு மூன்று நாளில்தான் தெரியும். ரத்தம் உறைகிற தன்மை குறைந்துகொண்டே போனால் இங்கே வைத்துக்கொள்ள முடியாது, கோயம்புத்தூர் போக வேண்டும். அதற்கு மேல் டாக்டரம்மா சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

சின்ன வயசு டாக்டர். என் நோட்டை வாங்கி ஒவ்வொரு பக்கமாக போனில் படம் எடுத்தார். இப்படி எழுதி வைத்திருப்பது எவ்வளவு உதவி தெரியுமா, முக்கால்வாசிப் பேருக்கு என்ன கொடுத்தோம் என்றே தெரியாது என்றார். பக்கத்தில் பிருந்தா நின்றிருந்தாள். விடிகாலை பஸ்ஸில் வந்தவள். காய்ச்சல் மாத்திரையைச் சொன்னது நான்தானே என்று அழுது அழுது அவள் முகம் வீங்கியிருந்தது.

டாக்டரம்மா பத்தாம் தேதியில் விரலை வைத்தார்.

"கஞ்சியில கொஞ்சம் சேர்த்தேன்னு எழுதியிருக்கீங்களே ஐயா, என்ன சேர்த்தீங்க?"

வெல்லம் என்று சொல்லியிருக்கலாம். பதினொன்றாம் தேதியில் வெல்லம் என்று எழுதித்தான் இருக்கிறது. அந்தப் பொய் நாக்கு நுனி வரை வந்ததை இங்கே எழுதி வைக்கிறேன். பிருந்தா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் துளசியின் பாதம் மட்டும் போர்வைக்கு வெளியே தெரிந்தது.

"முட்டிவலி மாத்திரைங்க. சிவப்பு அட்டை. தெனம் ரெண்டு. நசுக்கிக் கலந்தேன். அவளுக்குத் தெரியாது."

அந்த அட்டையைச் சட்டைப் பையில்தான் வைத்திருந்தேன். நேற்று வீட்டைப் பூட்டும்போது ஏன் எடுத்துப் போட்டுக்கொண்டேன் என்று எனக்கே தெரியாது. கொடுத்தேன். டாக்டரம்மா திருப்பினார். அதிலும் இரண்டு வரி. இரண்டாவது வரி பாராசிட்டமால் முன்னூற்றிருபத்தைந்து. மூன்று நிறத்திலும் ஒரே சரக்கு. மொத்தம் ஐயாயிரத்து இருநூறு ஆயிற்று.

டாக்டரம்மா என்னைத் திட்டவில்லை. இதைச் சொன்னது நல்லதாயிற்று, வயிற்றில் ரத்தம் கசிகிறதா என்று உடனே பார்க்க வேண்டும் என்று நர்ஸைக் கூப்பிட்டுக்கொண்டு உள்ளே ஓடினார். கசிந்துகொண்டுதான் இருந்தது.

பிருந்தா அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. பேசாமல் இருப்பது நியாயம்தான்.

ஜூன் 19, வியாழன்

இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். துளசிக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. பிருந்தாவை அவளுடைய பெரியம்மா பெயர் சொல்லிக் கூப்பிட்டாள்.

ஜூன் 20, வெள்ளி

மாற்றமில்லை. ரத்தம் உறைகிற தன்மை மேலும் குறையவில்லை என்பதே நல்லது என்கிறார்கள்.

ஜூன் 21, சனி

ஷாகிதா பார்க்க வந்தாள். மூன்றாம் தேதியே உன் பேச்சைக் கேட்டிருக்க வேண்டும் என்றேன். நீங்கள் போகிறேன் என்றாலும் நான் நிறுத்திச் சொல்லியிருக்க வேண்டும் அண்ணா, அன்றிலிருந்து எனக்கும் அதுதான் உறுத்துகிறது என்றாள். ஆளுக்கொரு பங்கு எடுத்துக்கொள்ள எல்லாரும் வருகிறார்கள். எடுத்துக்கொண்டாலும் என் பங்கு குறையவில்லை.

ஜூன் 22, ஞாயிறு

என்னை அடையாளம் தெரிந்தது. சாப்பிட்டீங்களா என்று கேட்டாள். வராந்தாவுக்கு வந்து அழுதேன். பிருந்தா வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். டிபன் டப்பாவைத் திறந்து என் கையில் கொடுத்தாள்.

ஜூன் 25, புதன்

ரத்தப் பரிசோதனையில் ஏறியிருந்த அளவெல்லாம் இறங்குமுகம், நல்ல அறிகுறியாம். ஈரல் தானாகவே தேறிக்கொள்ளும், காலம் பிடிக்கும் என்றார் டாக்டரம்மா. கோயம்புத்தூர் போகத் தேவையில்லை. அந்த மூன்று நிற மாத்திரையையும் இனி தொடக்கூடாது. வலிக்கு வேறு மாத்திரை, மிகக் குறைந்த அளவு, காலை ஒன்று, மாலை ஒன்று. வலி முழுக்கப் போகாது. எலும்பு கூடும் வரை பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும் என்று அவளிடம் சொல்லிவிட்டு என்னையும் பார்த்தார்.

ஜூன் 28, சனி

வீட்டுக்கு வந்துவிட்டோம். ஜன்னலுக்குப் பக்கத்தில் கட்டிலை நகர்த்தினேன். கண்ணில் மஞ்சள் இன்னும் இருக்கிறது, தினம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்குகிறது. புது அட்டையைத் திருப்பிப் பார்த்தேன். பின்னால் ஒரே வரி. பிருந்தா அதைப் பேனாவால் வட்டமிட்டு, அதையும் போனில் படம் எடுத்துக்கொண்டு ஓசூர் போனாள். என்னை நம்பித்தான் விட்டுப் போகிறாளா, வேறு வழியில்லாமல் விட்டுப் போகிறாளா என்று கேட்க வாய் வரவில்லை.

ஜூன் 29, ஞாயிறு

காலை ஒன்று.

கஞ்சி வைத்து எடுத்துப்போனேன். ஊட்டுவதற்கு முன்னால் சொல்லிவிடலாம் என்று கட்டிலோரம் உட்கார்ந்தேன். கஞ்சியில் அந்த மாத்திரையைக் கலந்து கொடுத்தேன், உனக்குத் தெரியாமல் கொடுத்தேன் என்றேன். அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரியுமுங்க. அடுப்படியில கரண்டியால நசுக்கற சத்தம் கேட்டுது. கசப்பும் அதே கசப்பு."

தெரிந்தும் ஏன் குடித்தாய் என்று கேட்டேன்.

"நீங்க குடுத்தீங்க, குடிச்சேன்."

குற்றம் சொல்கிற குரலே இல்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். கிண்ணத்திலிருந்து ஒரு கரண்டி எடுத்து, அவள் பார்க்கவே நான் முதலில் குடித்துக் காட்டினேன். உப்பு போட மறந்திருக்கிறது. அவள் சிரித்தாள்.

மூன்று மணிக்கு வலி வந்தது. திரும்பிப் படுக்க வைத்தபோது சட்டையைப் பிடித்துக்கொண்டாள். "இன்னொண்ணு குடுங்களேன்" என்றாள். மாத்திரை எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது. ஆறு மணிக்குத்தான் அடுத்தது என்றேன். பாத்திரம் கழுவ எழுந்து போகவில்லை. கையைக் கொடுத்தேன், நகம் பதியப் பிடித்துக்கொண்டாள். மூன்று மணி நேரமும் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

மாலை ஒன்று. வலி இருக்கிறது. குறையோடுதான் விட்டிருக்கிறேன்.